பெரியம்மாவின் மாடல் நோட்டைப் பிரித்துக் கட்டிய விவரம்

நோட்டு என்று பழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் அது மளிகைக்கடைப் பேரேடு. சிவப்புத் துணி முதுகு, மூலைகளில் காலிகோ, கனத்த அட்டை. 1980களின் நடுவில், ராமேஸ்வரம் தீவுக்கு எதிரே இருக்கும் மண்டபம் என்ற ஊரில் என் பெரியம்மா வீட்டு முன்னறையில் பார்லர் தொடங்கியபோது, பத்திரிகைகளில் வந்த தலை அலங்காரப் படங்களை வெட்டி ஒட்டுவதற்கு வாங்கியது. இருபது வருஷத்துக்கு மேல் அந்த ஒரே பேரேடுதான் மாடல் நோட்டு. கல்யாணத்துக்கு அலங்காரம் பேச வருகிறவர்கள் பாயில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்து, ஏதாவது ஒரு படத்தில் விரலை வைத்து, "இது மாதிரி" என்பார்கள். பெரியம்மா முகூர்த்தத் தேதியோடு பக்க எண்ணையும் குறித்துக்கொள்வார்.

என் கைக்கு வந்தபோது முதுகு இரண்டாகப் பிளந்திருந்தது. முன் அட்டை தனியாக, உதிர்ந்த படங்கள் ஒரு மஞ்சப்பையில் தனியாக. ராமபாணப் பூச்சி அரித்த தடம் பல பக்கங்களில். நான் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்க்கிறேன், கிழிந்த புத்தகங்களைத் தைத்துக் கட்டிப் பழக்கம் உண்டு. அதனால் என்னிடம் வந்து சேர்ந்தது. பெரியம்மாவின் பேத்தி இப்போது ராமநாதபுரத்தில் மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். அவளுக்கு வேண்டியது படங்கள் மட்டும்தான். "ஸ்கேன் பண்ணி போன்ல போட்டுக் குடுத்தாப் போதும் சித்தி, நோட்டை அம்மாச்சிகிட்டயே குடுத்துருங்க" என்றாள்.

மஞ்சப்பையைக் கொட்டிப் பார்த்தபோதே ஸ்கேன் மட்டும் போதாது என்று தெரிந்துவிட்டது. உதிர்ந்த படங்கள் எல்லாவற்றிலும் மேல் விளிம்பில் மட்டும்தான் பசைத்தடம். பெரியம்மா படத்தை முழுக்க ஒட்டவில்லை; மேல் விளிம்பை மட்டும் ஒட்டி, கீழ்ப்பக்கத்தைத் தூக்கிப் பார்க்கும்படி விட்டிருக்கிறார். தூக்கினால் அடியில் பேரேட்டுத் தாளில் பென்சிலால் ஒரு வட்டம். அதுதான் பின்னந்தலை. வட்டத்துக்குள் வகிடு எடுக்கும் கோடுகள், முடியைப் பிரிக்கிற பாகங்களுக்கு 1, 2, 3 என்று எண், ஹேர்பின் குத்தும் இடங்களில் பெருக்கல் குறி, ஓரத்தில் ஓரிரு வரி. வாடிக்கைக்காரர் பார்ப்பது மேலே இருக்கும் படத்தை. பெரியம்மா பார்த்துச் செய்வது அடியில் இருக்கும் வட்டத்தை.

கேட்டபோது சிரித்தார். "படத்துல இருக்கவளுக்கு மூஞ்சி மட்டுந்தானத்தா இருக்கு. பின்னந்தலைய எவன் காட்டுறான்? நாமதான் யோசிச்சு கண்டுபிடிக்கணும்."

ஆகவே வேலை இப்படி ஆயிற்று: ஒவ்வொரு படத்தையும் அதனதன் வட்டத்தோடு சேர்ப்பது, சேர்த்தபின் பழையபடி தூக்கிப் பார்க்கிற மாதிரியே ஒட்டுவது, கடைசியில் பேரேட்டைக் கட்டுவது. ஸ்கேன் அதற்கு நடுவில்.

படங்கள் வந்த வழி

ஒவ்வொரு துண்டும் எந்த வகைப் பத்திரிகையிலிருந்து வந்தது என்பதை அதன் பின்பக்கத்து அச்சே சொல்லிவிடும். பாதித் தொடர்கதை, குறுக்கெழுத்துப் போட்டியின் ஒரு மூலை, புடவை விளம்பரம், வத்தக்குழம்புக் குறிப்பு. தமிழ் வார இதழ்களின் அட்டைப்பட நடிகைகள் நிறைய. மங்கையர் மலர் மாதிரியான பெண்கள் இதழ்களின் அழகுக் குறிப்புப் பக்கங்கள் அதற்கடுத்து. ஆங்கிலத்தில் ஃபெமினா, ஈவ்ஸ் வீக்லி. ஃபெமினா 1959-இலேயே பம்பாயில் தொடங்கிவிட்டது. ஆனால் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோரத்தில் அதைக் காசு கொடுத்து வாங்குகிற வீடு எத்தனை இருந்திருக்கும்? மண்டபத்துக்கு மட்டும் ஒரு வசதி. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் முன்பு இங்கேதான் இருந்தது. 1971-இல் அது கொச்சிக்குப் போய்விட்டாலும் ஆய்வு மையம் இங்கேயே தங்கிவிட்டது. வெளிமாநிலத்து விஞ்ஞானிகளின் குடும்பங்கள் மாற்றலாகி வருவதும் போவதுமாக இருக்கும். போகும்போது வீட்டைக் காலி செய்து எடைக்குப் போடுகிற பழைய பத்திரிகைக் கட்டை, எடைக்காரர் கைக்குப் போகும் முன்பே பெரியம்மா மடக்கிவிடுவாராம்.

இன்னொரு வழி கீழக்கரை. வெளிநாடு போய்ச் சம்பாதிக்கிற சபுராளிகளின் வீடுகளில் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வருகிற பெட்டியில் சோப்பு, சென்ட்டோடு ஹேர் டை டப்பாவும் வரும். டப்பா காலியானதும் அட்டையில் இருக்கும் பெண்ணின் தலை மட்டும் பெரியம்மாவுக்கு. நோட்டின் நடுப்பகுதியில் ஒரு பக்கம் முழுக்க இப்படி அட்டைப்பெட்டித் தலைகள்தான். கனத்த அட்டை என்பதால் எதுவுமே உதிரவில்லை. மஞ்சப்பையில் கிடந்ததெல்லாம் தாள் துண்டுகள்.

முதல் சில பக்கங்களில் இருப்பவை 1960களின் உயரக் கொண்டைகள். நோட்டு தொடங்கியபோதே அந்த ஸ்டைலுக்கு இருபது வயது கடந்துவிட்டது. ஆனாலும் ரிசப்ஷனுக்கு அதைத்தான் கேட்டார்களாம். அந்தக் கொண்டையின் பூர்வீகம் சுவாரசியமானது. 1960-இல் அமெரிக்காவில் சிகாகோ பக்கம் பார்லர் நடத்திவந்த மார்கரெட் வின்சி ஹெல்ட் என்பவரிடம், 'மாடர்ன் பியூட்டி ஷாப்' என்ற தொழில்முறைப் பத்திரிகை புதிய பத்தாண்டுக்குப் புதிதாக ஒரு ஸ்டைல் செய்துதரச் சொன்னது. அவர் தன்னிடமிருந்த சின்ன வெல்வெட் தொப்பியின் வடிவத்தை மனதில் வைத்து, தொப்பியைப் போட்டுக் கழற்றினாலும் கலையாத மாதிரி முடியைத் தூக்கிக் கட்டினார். தேன்கூட்டின் பெயரால் உலகமெங்கும் பரவியது அதுதான். ஒரு பத்திரிகை கேட்டதால் பிறந்த கொண்டை, பத்திரிகை வழியாகவும் சினிமா வழியாகவும் கடல் தாண்டி, மண்டபத்து மளிகைப் பேரேட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

அதே 1960-இல் இந்தி நடிகை சாதனா நெற்றியில் முடியை வெட்டிவிட்டு நடித்தார். அகன்ற நெற்றியை மறைக்க, ஆட்ரி ஹெப்பர்னைப் பார்த்துச் செய்தது. 'சாதனா கட்' என்று நாடு முழுக்கப் பேர். அதற்கும் நோட்டில் ஒரு பக்கம் உண்டு. அப்புறம் 1981-இல் டயானா கல்யாணத்துக்குப் பிறகு வந்த குட்டைமுடிப் படங்கள். அவற்றின் அடியில் பெரும்பாலும் வட்டமே இல்லை. யாரும் வெட்டிக்கொள்ளக் கேட்கவில்லை, பார்க்க மட்டும் ஆசைப்பட்டார்கள் என்கிறார் பெரியம்மா. 1994-இல் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் உலகப் பட்டங்கள் வாங்கியதும் நோட்டின் போக்கே மாறுகிறது. விரித்த முடி, லேயர் கட், ஸ்டெப் கட். பெரியம்மாவுக்கு அந்தக் காலம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "முடிய விரிச்சுப் போடுறதுக்கு என்னத்துக்கு பார்லரு?" கடைசிப் பக்கங்களில் கையெழுத்தும் அவசரமாக இருக்கிறது.

பூதக்கண்ணாடியில் பார்த்தால்

வட்டம் ஏன் தேவைப்பட்டது என்பது, துண்டுகளைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தபோது நன்றாகவே புரிந்தது. அச்சில் புகைப்படம் என்பது புள்ளிகள்தான். சாதா நியூஸ்பிரிண்ட் தாளில் அங்குலத்துக்கு 65 முதல் 85 வரிசைப் புள்ளிதான் தாங்கும். பளபள ஆர்ட் தாளில் 133, 150 என்று போகலாம். 65 வரிசை என்றால் ஒரு புள்ளிக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். பத்திரிகையில் தலையின் அளவே இரண்டு அங்குலம். அதில் ஒரு பின்னல் கால் எங்கே தொடங்கி எங்கே உள்ளே போகிறது என்று கண்டுபிடிக்க முடியாது. கருப்பு முடி வேறு. மையை இழுத்துக்கொண்டு மொத்தமாக ஒரு கருப்புத் திட்டாகிவிடுகிறது. வெளிக்கோடு தெரியும், கட்டுமானம் தெரியாது. கூந்தல் மாடல் பத்திரிகைகளைப் பற்றிப் பேசுகிறவர்கள் அவற்றைப் பார்த்து அப்படியே செய்தார்கள் என்பது போலப் பேசுவார்கள். தமிழ்ப் பத்திரிகைத் தாளில் வந்த படத்தைப் பார்த்து அப்படியே செய்ய வழியே இல்லை. வெளிக்கோட்டை வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்க வேண்டும். அந்த ஊகம்தான் பென்சில் வட்டம்.

ஒரு படத்தின் அடியில் "திருப்பிப் போட்டிருக்கான். வகிடு வலது இல்ல, இடது" என்று இருக்கிறது. படத்தைப் பார்த்தேன், புடவை முந்தானை வலது தோளில் விழுகிறது. அச்சுக்கூடத்தில் நெகட்டிவை இடவலம் மாற்றி வைத்திருக்கிறார்கள். முந்தானையைப் பார்த்தே அதைப் பிடித்திருக்கிறார். நான் எத்தனை வருஷம் பார்த்திருந்தாலும் கவனித்திருக்க மாட்டேன்.

உப்பும் துருவும்

மண்டபம் ஒரு பக்கம் வடகடல், ஒரு பக்கம் தென்கடல். நடுவில் இருக்கிற துண்டு நிலம். காற்றில் வரும் உப்பு எல்லாவற்றின் மேலும் படியும், தாளின் மேலும்தான். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும்; கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசிய உப்புகள் அதைவிட வெகு குறைந்த ஈரத்திலேயே இழுத்துக்கொள்ளும். உப்புப் படிந்த தாள் அதனால் முழுசாகக் காய்வதே இல்லை. தொட்டால் சில்லென்று இருக்கும். இந்த ஊர்க் காற்றில் ஸ்டேப்ளர் பின் பொடிப்பொடியாவதற்கும், நியூஸ்பிரிண்ட் அப்பளமாக நொறுங்குவதற்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

வீட்டில் எல்லோரும் சொன்னது வெயிலில் காயவை என்பது. வேண்டாம். மரக்கூழில் இருக்கும் லிக்னின் வெளிச்சம் பட்டால் பழுப்பேறும். நியூஸ்பிரிண்ட்டில் அது ஏராளம். நிழலில், ஃபேன் காற்றில், பக்கங்களுக்கு நடுவே ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் தாள் வைத்துக் காயவைத்தேன். தூசியையும் உப்பையும் மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் முதுகுப் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுவது. துணியால் துடைத்தால் உப்பு தாளுக்குள்ளேயே போய்விடும்.

பூச்சிக்கு மருந்து எதுவும் அடிக்கவில்லை. பக்கக் கட்டுகளை பிளாஸ்டிக் உறையில் காற்றில்லாமல் சுற்றி, ஃபிரிட்ஜின் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. அறைச் சூட்டுக்கு வரும்வரை அப்படியே விட வேண்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளின் மேல் தண்ணீர் கோத்துக்கொள்ளும். ஃப்ரீசரில் பக்கத்தில் நெத்திலி இருந்ததால் இரட்டை உறை போட்டேன்.

துருவேறிய பின்களை இழுத்து எடுக்கக் கூடாது. கால்கள் மடிந்திருக்கும் பக்கத்தில் மெல்லிய கத்திமுனையை நுழைத்து நிமிர்த்தி, தலையைப் பிடித்து நேராக எடுக்க வேண்டும். சுற்றியுள்ள தாள் துருவில் ஊறிப் பொடியாகியிருக்கும். அதை வெட்டாமல் விட்டுவிட்டேன். காரணம் கீழே.

செல்லோ டேப் ஒட்டிய இடங்கள்தான் மிக மோசம். பிளாஸ்டிக் பட்டை தானாகவே கழன்று விழுந்துவிட்டது. ரப்பர்ப் பசை மட்டும் தாளுக்குள் இறங்கிக் கருஞ்சிவப்பாகிவிட்டது. மேலே பிசுபிசுப்பாக நின்றதை அழிரப்பரால் உருட்டி எடுத்தேன். கறை போகாது. கறையைப் போக்க முயன்றால் தாள் போகும்.

எண்ணெய்க் கறை வேறு கதை. பார்லர் நோட்டு ஆயிற்றே, தேங்காய் எண்ணெய் பட்ட விரல்தான் எல்லாப் பக்கத்திலும். எண்ணெய் குடித்த தாள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும். பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், எந்தப் பக்கத்தின் கீழ்மூலை அதிகம் ஊடுருவித் தெரிகிறதோ, அந்த ஸ்டைலைத்தான் நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். முதலிடம் ஒரு பக்கவாட்டுக் கொண்டைக்கு. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் மாதா கோவில் கல்யாணத்தில் பட்டுப்புடவை மேல் வெள்ளை நெட்டும் கிரீடமும் வைப்பார்கள். கிரீடம் சரியாமல் உட்கார அந்தக் கொண்டைதான் தோது. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்கும்வரை தீவிலிருந்து மண்டபத்துக்கு வர ரயில்தான். மணப்பெண்ணின் அம்மாவும் அத்தையும் ரயிலேறி வந்து, இந்தப் பக்கத்தைப் பார்த்து முடிவு செய்து, அடுத்த ரயிலில் போவார்களாம். எண்ணெய்க் கறையை நான் தொடவேயில்லை.

எந்தப் படம் எந்த வட்டம்

அதிக நேரம் பிடித்தது இதுதான். உதிர்ந்த படங்களில் எண் எதுவும் இல்லை. பெரியம்மாவிடம் காட்டினால் பாதிக்குச் சொல்வார், மீதிக்கு "இதா? இது அப்பக் கேட்ட மாடலு" என்பார்.

உதவியது கறைகள்தான். படம் மூடியிருந்த இடத்தில் பேரேட்டுத் தாள் வெளுப்பாகவும், சுற்றிலும் பழுப்பாகவும் இருக்கும். அந்த வெளுப்புக் கட்டத்தின் அளவும் கோணலும் ஒரு படத்தோடுதான் பொருந்தும். கத்தரிக்கோலால் கையாலே வெட்டியது, ஒன்றும் நேர்க்கோடு கிடையாது. அடுத்த தடயம் துரு. சில படங்களைப் பசை காய்வதற்குள் ஸ்டேப்ளர் பின் குத்தி நிறுத்தியிருக்கிறார். பின் துருப்பிடித்துப் படத்திலும் அடித்தாளிலும் ஒரே இடத்தில் இரட்டைப் புள்ளியாகப் பதிந்திருக்கிறது. அதற்காகத்தான் துருத்தாளை வெட்டவில்லை. மூன்றாவது, பூச்சி. ராமபாணம் மேல் தாளோடு சேர்த்து அடித்தாளையும் அரித்த இடங்களில் ஓட்டையும் ஓட்டையும் பொருந்தின. நூலகத்தில் எத்தனையோ தடவை சபித்த பூச்சி, முதல் தடவையாக ஒரு உபகாரம் செய்தது.

ஆர்ட் தாள் துண்டுகளில் சில ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஆர்ட் தாளின் மேல் களிமண் பூச்சு உண்டு. நனைந்து அழுத்தத்தில் காய்ந்தால் இரண்டு பூச்சும் ஒன்றாகிவிடும். தண்ணீர் விட்டால் இன்னும் கெட்டியாகும். பழைய ஓவர்ஹெட் புரொஜெக்டர் ஷீட்டை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, முனையை வளைவாக்கி, ஒட்டாத மூலையிலிருந்து உள்ளே நுழைத்து மெல்ல அசைத்தேன். கத்தியைப் போல அது தாளை வெட்டாது. வந்தவரை வந்தது. ஒரு டயானா படத்தின் கன்னம் எதிர்ப்பக்கத்து ஷாம்பு விளம்பரத்திலேயே தங்கிவிட்டது. அப்படியே ஜோடியாக வைத்துவிட்டேன்.

ஈரம் வைக்கும் முன்பு மையைச் சோதிக்க வேண்டும். காது குடையும் பஞ்சுக் குச்சியை லேசாக நனைத்து எழுத்தின் ஒரு ஓரத்தில் ஒற்றினால் போதும். பென்சில் அசையாது. பால்பாயின்ட் பேனா மையும் எண்ணெய்ச் சேர்மானம் என்பதால் நின்றது. ஆரம்பப் பக்கங்களில் சிலவற்றில் இங்க் பேனா நீல மை. பஞ்சில் உடனே நிறம் ஏறியது. அந்தப் பக்கங்களில் தண்ணீரே காட்டவில்லை, பழைய பசையைக் காய்ந்த நிலையிலேயே சுரண்டினேன்.

பசை

பைண்டிங்காரர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள், பூச்சி வராமல் இருக்க. விஷம் என்பது ஒரு பக்கம். அதிலுள்ள செம்பு காலப்போக்கில் தாளையே பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். மைதாவிலும் மாவுச்சத்தோடு பசையம் கலந்திருக்கிறது, காய்ந்ததும் விறைத்துப் படத்தை இழுக்கும். எனக்கு வேண்டியது கோதுமையின் வெறும் மாவுச்சத்து. அதற்குக் கடை தேட வேண்டியதில்லை. அல்வாவுக்கு எடுப்பதுபோல கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து, பாலைத் தெளியவைத்து, மேல்தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றி இறுத்தால் அடியில் நிற்பது அதுதான். காயவைத்துப் பொடியாக வைத்துக்கொள்ளலாம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், சிறுதீயில் கைவிடாமல் கிளறினால் வெள்ளை மாறிக் கண்ணாடிப் பதம் வரும். ஆறியதும் மெல்லிய துணியில் இரண்டு முறை வடிகட்டினேன். ஃபிரிட்ஜில் சில நாள் தாங்கும், புளித்த வாடை வந்தால் கொட்டிவிட வேண்டும். இந்தப் பசையின் பெரிய குணம், நாளைக்கு யாராவது பிரிக்க நினைத்தால் ஈரம் காட்டினாலே விட்டுவிடும். ஃபெவிகால் பக்கம் போகவேயில்லை.

படத்தை நேராகப் பேரேட்டில் ஒட்டினால் மறுபடி மடிப்பில் உடையும். ஜப்பான் டிஷ்யூ என்கிற நீள நார்க் காகிதத்தை ஆன்லைனில் வரவழைத்து, விரல் அகலப் பட்டைகளாகக் கிழித்தேன். வெட்டாமல் கிழித்தால் விளிம்பில் நார் பிரிந்து நிற்கும், பிடிப்பு நன்றாக வரும். ஈர பிரஷ்ஷால் ஒரு கோடு போட்டு அந்தக் கோட்டில் கிழிக்க வேண்டும். பட்டையின் பாதி படத்தின் பின்புறம், பாதி பேரேட்டில். இனி தூக்கும்போது மடங்குவது படம் இல்லை, பட்டைதான். ஒட்டியதும் மேலும் கீழும் மெழுகுத் தாள் வைத்து, பிளாட்டிங் தாள் வைத்து, மேலே அம்மிக்குழவி.

முதுகைப் பழைய தையல் துளைகளிலேயே மெழுகு தேய்த்த பருத்தி நூலால் தைத்தேன். படங்களின் கனத்தால் முன்பக்கம் வாய் பிளந்து நின்றது. முதுகுப் பக்கம் கனத்த காகிதப் பட்டைகளைச் சேர்த்துத் தைத்ததும் சமமாயிற்று. சிவப்புத் துணி முதுகு மட்டும் புதிது.

ஸ்கேன் செய்ததைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அச்சுப் புள்ளிகளும் ஸ்கேனரின் புள்ளிகளும் மோதி அலை அலையாகக் கோலம் விழும். 600 டிபிஐயில் எடுத்து, மென்பொருளில் அச்சுப் புள்ளிகளைக் கலைக்கிற டீஸ்கிரீன் போட்டு, பிறகு சுருக்கினால் அடங்கிவிடும். பென்சில் வட்டங்களுக்கு ஸ்கேனர் சரிப்படவில்லை, கோடு வெளிறிப்போகிறது. விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து போனில் எடுத்தபோது பென்சில் அழுத்தின பள்ளம்கூடத் தெரிந்தது.

செய்து பார்த்தது

கட்டியாயிற்று. வட்டங்கள் சரியான படத்தோடு சேர்ந்தனவா என்று தலையில் கட்டிப் பார்த்தால்தானே தெரியும்? பேத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தாள். கட்டுவது அவள், தலை என்னுடையது. எடுத்தது ஆரம்பப் பக்கத்து உயரக் கொண்டை.

வட்டத்தின்படி முன்பகுதி 1, உச்சி 2, பின்கழுத்து 3. முதலில் 3-ஐ இறுக்கிக் குதிரைவால் கட்டு. அடுத்து 2-ஐ மெல்லிய வகுப்பாக எடுத்து, நுனியிலிருந்து வேர் பக்கமாகச் சீப்பால் தள்ளு. இப்படி எதிர்ப்பக்கம் சீவியதில் முடி வேரடியில் பந்தாகச் சேர்ந்து தூக்கி நிற்கும். கடைசியில் 1-ஐ அதன் மேல் போர்த்தி, மேலாக மட்டும் சீவி, குதிரைவாலோடு சேர்த்துச் சுற்றி வலை போடு. பேத்தி வழக்கமாகக் கொண்டைக்குள் வைப்பது டோனட் பஞ்சு. அதில்லாமல் முடியிலேயே இவ்வளவு உயரம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. பெருக்கல் குறிகள் எல்லாம் ஒரே சாய்வில் இருப்பதைக் காட்டி, "ஏன் அம்மாச்சி எல்லாப் பின்னும் கீழேருந்து மேல போகுது?" என்று கேட்டாள். "தல ஆடுனா கொண்டை இறங்கும். பின்னு ஏறி நின்னாத்தான் தாங்கும்" என்றார் பெரியம்மா, கட்டிலில் படுத்தபடியே.

ஓரக்குறிப்பில் மூன்று விஷயம் இருந்தது. ஒன்று, "உப்புத்தண்ணி தலைன்னா முதல் நாள் ஷாம்பு, எண்ணெய் கூடாது." இந்தக் கடலோரத்தில் பல ஊர்களில் போர் தண்ணீர் உப்பு, கடினநீர். சோப்பு போட்டால் நுரைக்காமல் வெள்ளையாகத் திரிந்து முடியில் படியும். அந்த முடி பின்னுக்கு அடங்காது, வலையில் சிக்கும். ஷாம்பு கடினநீரிலும் திரியாது. 1983-இல் கடலூரில் தொடங்கிய சிக் ஷாம்பு போன்ற சாஷேக்கள் பெட்டிக்கடை வரை தொங்கிய பிறகுதான் இந்தக் குறிப்பையே எழுத முடிந்திருக்கும். அதற்கு முந்தைய பக்கங்களில் அதே இடத்தில் அரப்பு என்று எழுதி அடித்திருக்கிறார்.

இரண்டாவது, "பாசித்தண்ணி". ஹேர் ஸ்பிரே வாங்க முடியாத காலத்துக்கு அவர் கண்ட வழி. கஞ்சிக்குப் போடுகிற கஞ்சிப்பாசியை நன்றாகக் கழுவி வெயிலில் வெளுக்கவைத்து, கொதிக்கவைத்து வடிகட்டினால் வழவழப்பான நீர் வரும். அதைச் சூடு ஆறும் முன்பே சீப்பில் தொட்டு மேல் முடியில் சீவினால், காய்ந்ததும் முடியைப் பிடித்துக்கொள்ளும். வெளிநாட்டிலும் அந்தக் காலத்து செட்டிங் லோஷன்களில் மரப்பிசின்கள்தான் இதே வேலையைச் செய்தன. பாசி எடுக்கப் போகிற பெண்கள் மண்டபத்தில் எப்போதும் உண்டு, கைப்பிடி கேட்டால் தருவார்கள். நாங்கள் காய்ச்சியது கொஞ்சம் கெட்டியாகிவிட்டதால் வெந்நீர் விட்டு இளக்கினோம். பிடிமானம் நன்றாகவே இருந்தது. கடல் வாடை லேசாக அடித்தது. குறிப்பில் பன்னீர் என்று எழுதியிருப்பது அதற்குத்தான்.

மூன்றாவது காற்று. "கச்சானுக்குப் பின் கூட. வாடைக்குப் பாசித்தண்ணி வேண்டாம், சரக்கு இளகும்." கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் வீட்டிலிருந்து கோவில் போவதற்குள் கொண்டை சாய்ந்துவிடும், அதனால் பின் அதிகம். வாடையில் மழை ஈரம், பாசிநீர் காயாமல் பிசுபிசுக்கும், அதனால் வலை மட்டும். பம்பாயிலோ சிகாகோவிலோ அச்சான எந்தப் பக்கத்திலும் இது இருக்க வழியில்லை.

என் கொண்டை ராத்திரிவரை நின்றது. பிரிக்கும்போதுதான் அழுகை வந்தது. எதிர்ப்பக்கம் சீவிய முடியை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும். அதற்கு நோட்டில் குறிப்பு இல்லை.

பேத்தியின் போனில் இப்போது ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு படம்: மூடியது ஒன்று, தூக்கியது ஒன்று. பேரேடு பெரியம்மாவிடமே இருக்கிறது, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு. நீலம் வெளுத்து இளஞ்சிவப்பானால் பையைச் சூடு காட்டித் திரும்பப் போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வட்டம் கிடைக்காத படங்கள் சில பின் அட்டையில் ஒட்டிய உறைக்குள் இருக்கின்றன. டிரங்குப் பெட்டியில் வெட்டப்படாத முழு இதழ்கள் இன்னும் ஒரு அடுக்கு கிடக்கின்றன. வாடை தொடங்கிவிட்டதால் பசை காயாது, தை பிறந்த பிறகு அதைத் தொடலாம் என்றிருக்கிறேன்.